பிள்ளைகளை ஓர் இடத்தில் நிற்க விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வீரவநல்லூரில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். எங்கள் தொழிலில் பாதி நேரம் காத்திருப்பதுதான். கோயில் வாசலிலும் அருவிக்கரையிலும் வண்டியை நிறுத்திவிட்டு உங்கள் நாளிதழை ஒரு வரி விடாமல் படிக்கிறவன். இது பள்ளிகள் கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் வசூலிக்கும் காலம். முன்பணம் கட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடம் கொடுத்து உதவ வேண்டும்.

போன வாரம் ஒரு பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வாடகை பேச வந்தார்கள். கையில் கணினியில் அடித்த தாள். ஞாயிறு விடியற்காலை புறப்பட்டுத் திங்கள் இரவு திரும்ப வேண்டும். கிருஷ்ணாபுரம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு, தொட்டிப்பாலம் என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே நிமிடக் கணக்கு எழுதியிருந்தது. கிருஷ்ணாபுரத்துக்கு இருபது நிமிடம். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று சொன்னேன். “சரி, அந்த நேரத்துக்கு வேற ஒரு இடம் சேத்துக்கிடுவோம் அண்ணாச்சி” என்றார் ஒருவர். அவர் நல்ல மனிதர். பெற்றோர் கொடுக்கிற பணத்துக்கு நிறையக் காட்ட வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறார். வாடகை பேச வந்த இடத்தில் நின்றுகொண்டு இதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே சொல்கிறேன்.

ஒரு பயணம் பிள்ளையை என்ன செய்தது என்பது வண்டி ஊர் திரும்பிய அன்றைக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் இறங்குவார்கள். செருப்பைத் தேடுவார்கள், பையை மாற்றி எடுப்பார்கள், அவ்வளவுதான். அது தெரிய வருஷங்கள் ஆகும். அதற்குள் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். ஆசிரியர்களுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைக்கிறது. பள்ளிச் சுற்றுலாவுக்கு என் வேனில் வந்த பையன், அப்புறம் பெண் பார்க்கப் போகும்போது வருகிறான். கல்யாணத்துக்கு வருகிறான். பிள்ளைக்கு மொட்டை போடத் திருச்செந்தூருக்கு வருகிறான். முன் சீட்டில் உட்கார்ந்ததும், “அண்ணாச்சி, அந்த டூர் ஞாபகம் இருக்கா?” என்று ஆரம்பிப்பான். எத்தனை இடம் பார்த்தோம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எங்கேயோ ஓர் இடத்தில் நின்றதையும், யாரோ ஒருவர் பேசியதையும்தான் சொல்கிறார்கள்.

கூந்தன்குளத்தைச் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கம் உள்ள ஊர். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மங்கோலியாப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அந்தக் குளத்துக்கு வருகின்றன. பூநாரைகள் வருகின்றன. மஞ்சள்மூக்கு நாரைகள் குளத்து மரங்களோடு நிற்காமல் வீட்டு வாசல் மரத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். வாடை இருக்கும், சத்தம் இருக்கும், துணி காயப்போட முடியாது. ஊர்க்காரர்கள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளிப் போடுகிறார்கள். தீபாவளிக்கு அந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்காது.

ஒருமுறை கன்னியாகுமரிக்குப் போகிற வழியில் ஒரு டீச்சர் அங்கே ரெண்டு மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். மற்ற ஆசிரியர்களுக்குக் கோபம். சூரிய அஸ்தமனம் போய்விடும் என்றார்கள். பிள்ளைகளும் முதல் அரை மணி நேரம் கல்லை உதைத்துக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சு ஒன்றுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்ததை ஒரு பையன் பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டான். அத்தனை பேரும் அந்த மண்ணில் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வெடி போட மாட்டீங்களாமே, ஏன் தாத்தா என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். “அது நம்மள நம்பி வந்திருக்கு தாயி. வெடியப் போட்டா குஞ்ச விட்டுட்டுப் போயிரும்லா” என்றார் அவர்.

அந்தப் பெண் இப்போது கோயம்புத்தூரில் குடியிருக்கிறாள். ஊருக்கு வந்தால் என் வண்டிதான். அவள் தெருவில் ஒரு பெரிய மரத்தில் கொக்குகள் அடைகின்றன. ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்னால் வீடு வீடாகப் போய், அந்த மரத்தடியில் மட்டும் வெடிக்க வேண்டாம் என்று கேட்கிறாள். ஒரு வருஷம் பெரிய சண்டையே வந்ததாம். பாதி வீடுகள் கேட்கின்றன, பாதி இன்னும் கேட்கவில்லை. ஆனாலும் போகிறாள். கூந்தன்குளத்துப் பெரியவருக்கு இது தெரியவே போவதில்லை. அன்றைக்கு நாங்கள் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அஸ்தமனம் பார்க்காமல் போய்விட்டோமே என்று அந்தக் கூட்டத்தில் யாரும் பிற்பாடு என்னிடம் குறைப்பட்டதில்லை.

இது பிள்ளைகளிடம் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் வாராவாரம் சீட்டுப் போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடிப்பார்கள். நாள் முழுக்க மடியில் தட்டை வைத்துக் குனிந்தே இருக்கிறவர்கள். வேனில் ஏறிவிட்டால் நான் பாட்டுப் போட வேண்டிய தேவையே இருக்காது. ஒரு வருஷம் திருவனந்தபுரம் போனோம். மதியம் குடும்பஸ்ரீ என்ற கேரள மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நிறுத்தினேன். விலை குறைவு, சோறு நன்றாக இருக்கும் என்பதுதான் என் கணக்கு. சமைப்பது, பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது எல்லாமே பெண்கள் என்பதை இவர்கள் கவனித்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. கடன் எப்படி வாங்கினீர்கள், லாபத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள், வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று பாதித் தமிழும் பாதிச் சைகையுமாக ஒரே கேள்வி. அன்றைக்குப் பார்க்க வேண்டியிருந்த உயிரியல் பூங்காவுக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

ஊர் திரும்பிய பிறகு அவர்களில் இரண்டு பேர் பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இட்லிக் கடை போட்டார்கள். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருவர் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போகவே மூட வேண்டி வந்தது. ஆனால் சீட்டுக் கணக்கை அதற்கு முன் ஊரில் ஓர் ஆண்தான் எழுதிவந்தார். இப்போது அவர்களே நோட்டுப் போட்டு எழுதுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போது பார்த்தால் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கை இலையை வெட்டும், தூளை வைக்கும், நூலைச் சுற்றும். பேச்சு மட்டும் திருவனந்தபுரத்துக் கடையில் இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பயணம் என்றாலே நல்லதுதான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கெட்டதும் அதே மாதிரி உள்ளே தங்கிவிடுகிறது. ஒரு பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானல் ஏறும்போது ஒரு பையன் வாந்தி எடுத்துவிட்டான். உடன் வந்தவர் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினார். பையன்கள் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். மிச்சமிருந்த பயணம் முழுக்க அவன் சன்னலோரமாகத் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். அவன் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். அவன் அக்கா கல்யாணத்துக்குப் பழனிக்கு வண்டி பேச வந்த அம்மா சொன்னார்: “அவன் மட்டும் பைக்ல வந்துருவான். வேன்ல ஏற மாட்டான்.” கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஒன்றாக ஆடிப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவன் அவ்வளவு தூரமும் தனியாக வந்தான்.

மலைப் பாதையில் வாந்தி வருவது யாருடைய தப்பும் இல்லை. வளைவில் உடம்பு திரும்புவது ஒரு மாதிரி, கண் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்போது மூளை குழம்புகிறது. ஆசிரியர்களுக்கு ஓட்டுநர் என்ற முறையில் சொல்கிறேன். மலை ஏறும் அன்று காலையில் பூரியும் வடையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். வாந்தி வரும் பிள்ளைகள் யார் யார் என்று முந்தின நாளே தனியாக விசாரித்து முன் வரிசையில் உட்கார வையுங்கள். போனைப் பார்க்க விடாமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டால் வண்டியை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிக் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்களோ அதுதான் அந்தப் பிள்ளைக்கு அந்தப் பயணம்.

பெண்பிள்ளைகளின் கதை இதைவிட மோசம். கழிப்பறை இல்லாத இடத்துக்கெல்லாம் கூட்டிப்போகிறோம். காலையில் புறப்பட்டதிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். கேட்டால் “தாகம் இல்ல மாமா” என்பார்கள். அந்த நாளில் அவர்களுக்குச் சிற்பமும் தெரியாது, கடலும் தெரியாது. எங்கே நிறுத்துவார்கள் என்ற ஒரே நினைப்புதான் இருக்கும். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு சுற்றுலா போய்விட்டு வந்து அம்மாவிடம் முதலில் சொன்னது இதைத்தான். அதிலிருந்து நான் எந்தப் பள்ளிக்கு ஓட்டினாலும், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்த பிறகுதான் வழியைச் சொல்வேன்.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17 ராத்திரியை நம் பக்கத்து மக்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய்விட்டன. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். பக்கத்து ஊரான புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் திரட்டிச் சமைத்துக் கொடுத்தார்கள். உங்கள் நாளிதழிலும் படித்தேன்.

அந்த ரயிலில் இருந்த சென்னைக் குடும்பம் ஒன்று மறு வருஷம் என் வேனில் திருச்செந்தூருக்கு வந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறியதுமே, கோயிலுக்குப் போகும் முன் புதுக்குடியில் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வழியில் ஒரு மூட்டை அரிசி வாங்கினார்கள். எந்த வீட்டில் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, இருட்டில் யார் முகத்தையும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. அந்த ஊர் அம்மா ஒருவர், “எங்களுக்கு எதுக்குய்யா அரிசி, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்று எல்லோரையும் உட்கார வைத்தார். அரிசியைக் கோயிலில் இறக்கினோம். அந்தச் சென்னைக்காரர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அதுவரை தெரியாதாம். இப்போது மழைக்காலம் வந்தால் அந்தக் குடியிருப்பில் தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். திரும்பும் வழியெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் போன பயணத்தில் திட்டமிட்டபடி ஒன்றுமே நடக்கவில்லை.

பாரதியாரையும் இந்த இடத்தில் நினைக்கிறேன். எட்டயபுரத்துக்குக் கூட்டிப்போனால் பிள்ளைகள் அவருடைய தலைப்பாகையையும் மீசையையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது காசியில் வந்த கோலம். தந்தை இறந்த பிறகு 1898-இல் அத்தை வீட்டுக்குப் போன எட்டயபுரத்துப் பையன், அங்கே சில வருஷம் இருந்துவிட்டு வேறு ஆளாகத் திரும்பினார். 1905 டிசம்பரில் காசி காங்கிரஸ் மாநாட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் கல்கத்தா அருகே விவேகானந்தரின் சீடர் நிவேதிதா தேவியைப் பார்த்தார். மனைவியை ஏன் கூட்டி வரவில்லை என்று அவர் கேட்டதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெண் விடுதலை பற்றி அதன் பிறகு பாரதி எழுதியதெல்லாம் நமக்குத் தெரியும். நிவேதிதாவைக் கடைசி வரை குருவாகவே வைத்திருந்தார். போகிற வழியில் நடந்த ஒரு சந்திப்பு, ஒரு கேள்வி.

அப்புறம் இந்த போன். கிருஷ்ணாபுரம் கோயிலில் குறவன் ஓர் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும் சிற்பம் இருக்கிறது. வீரபத்திரர் இருக்கிறார், ரதி இருக்கிறாள். கல்லில் நரம்பு புடைத்திருப்பது தெரியும், நகக்கண் தெரியும். இருபது நிமிடத்தில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒவ்வொன்றின் முன்னாலும் முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் என் வண்டியில் வரும்போது ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் பேராசிரியர் செய்தது, 2014-இல் வெளிவந்தது. மாணவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னாராம். மறுநாள் கேட்டபோது, படமெடுத்ததைவிடப் பார்த்ததுதான் அதிகம் நினைவில் நின்றதாம். ஆனால் ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்தக் குறை வரவில்லையாம். எனக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்தது. போனைப் பிடுங்க வேண்டாம். அந்தக் குறவனின் கையை மட்டும், அந்த நரம்பை மட்டும் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லுங்கள். அதற்கு அவன் அந்தக் கல்லை உற்றுப் பார்த்தாக வேண்டும். அதற்கு இருபது நிமிடம் போதாது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நம் ஆற்றைக் காட்டுங்கள். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்வது வரை ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலைச் சேர்கிற ஆறு. பாபநாசத்தில் காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் கடலைப் பார்த்துவிடலாம். வழியெல்லாம் இறங்க வேண்டாம். நாலு நிறுத்தம் போதும். ஒவ்வொன்றிலும் மனம் நிறைய நிற்கலாம்.

முதலில் பாபநாசம். பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விட்ட துணிகள் படித்துறை ஓரம் குவிந்து கிடப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். இந்தத் தண்ணீர்தான் மாலையில் நீங்கள் பார்க்கப்போகிற கடலுக்கும் போகிறது, நடுவில் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது என்று அங்கேயே சொல்ல வேண்டும். அடுத்து எங்கள் பக்கத்துத் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே நிலை நிலையாகப் பழைய ஓவியமும் மரச் சிற்பமும் இருக்கின்றன. முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மருத மரங்களில் பறவைகள். ஊர்க்காரர்களின் ஆதரவோடு 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல நிழல் கிடையாது.

அதற்குப் பிறகு சேரன்மகாதேவி, திருநெல்வேலி வழியாக வண்டியிலேயே போகலாம். எட்டு அணைக்கட்டுகளின் பெயரையும் வழியில் சொல்லிக்கொடுத்துவிடலாம்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். நம் தாத்தாக்கள் எந்தக் கால்வாயில் எந்த வயல் பாய்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். வண்ணார்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவே பாலத்தைத் தாண்டும்போது, 1843-இல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது இது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மூன்றாவது ஆதிச்சநல்லூர். பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த மேடு. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். 1899-இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி இப்போது வைத்திருக்கிறார்கள். முதுமக்கள் தாழியைப் பாடப் புத்தகப் படத்தில் பார்ப்பது வேறு, நம் காலுக்கு அடியில் பார்ப்பது வேறு. இந்தக் கண்ணாடியெல்லாம் வருவதற்கு முன்பே, வெறும் பரம்பாக இருந்த காலத்தில் அங்கே கூட்டிப்போன ஒரு பையனைத் தெரியும். படிப்பு வரவில்லை, இப்போது விவசாயம் பார்க்கிறான். தோட்டத்தில் குழி எடுக்கும்போது தாழியின் வாய் மாதிரி ஒன்று தெரிந்ததும் ஜேசிபியை நிறுத்தச் சொல்லிவிட்டான். நாள் வாடகை போகிறதே என்று அண்ணன்காரன் சத்தம் போட்டிருக்கிறான். இவன் நேரே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். “அன்னைக்கு அந்த மேட்டுல சார் எங்கள ஒவ்வொரு பானை ஓடா எடுத்துப் பாக்கச் சொன்னாரு அண்ணாச்சி. அது ஞாபகம் வந்துட்டு” என்றான் என்னிடம். அவன் பேரைப் பள்ளியில் எந்தப் பலகையிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கடைசியில் புன்னைக்காயல். ஆறு கடலோடு கலக்கும் இடம். படகுகள், வலைகள், உப்புக் காற்று. அங்கே ஒரு மீனவரைப் பேச வையுங்கள். வெள்ளம் வந்த அன்று ஆறு எதையெல்லாம் கொண்டுவந்து தள்ளியது என்று அவர் சொல்வார். காலையில் பாபநாசத்தில் பார்த்த துணி ஏன் முக்கியம் என்று வேறு யாரும் விளக்க வேண்டாம்.

பணம் குறைவாக வசூலாகும் பள்ளிகளுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போய் வாருங்கள். 1904-இல் திறந்த மலைப் பாதை அது. பதிமூன்று கண் பாலமும் குகைகளும் காடும் பிள்ளைகளுக்குப் போதும். அகலப் பாதையாக மாற்றி 2018-இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். வேன் ஓட்டுகிறவன் ரயிலைச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். எந்த வண்டியில் போனாலும் பிள்ளைகள் போனால் சரி.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை திரும்பி வந்ததும் “என்னென்ன பார்த்த?” என்று கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து, சாப்பிடும்போதோ படுக்கும்போதோ, யாரிடம் பேசினாய், எங்கே நின்றாய், எது பயமாக இருந்தது என்று கேளுங்கள். சொல்லச் சொல்லத்தான் அது அவர்களுக்குள் தங்கும். பீடி சுற்றும் அந்தப் பெண்கள் வருஷம் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள்.

மாவட்ட நிர்வாகமும் அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் மனது வைத்தால் இரண்டு காரியம் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகள் வரும் இடங்களில் பூட்டாத, தண்ணீர் வருகிற கழிப்பறைகள் முதலாவது. இரண்டாவது, விடுமுறை நாள்களில் உள்ளூர் ஆள் ஒருவரை அங்கே உட்கார வைத்து, ஒரு நாள் கூலி கொடுத்து, வருகிற பிள்ளைகளிடம் பேசச் சொல்வது. படித்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் போதும். சுற்றுலாத் தேதி முடிவாவதற்குள் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் தங்கள் தாளில் பாதி இடங்களை அடித்துவிட்டு, மிச்சமுள்ள இடங்களுக்கு நேரத்தை இரண்டு மடங்காக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கே சாப்பாடு, எங்கே நிழல், எந்த வழியில் போனால் நேரம் மிஞ்சும் என்பதை ஓட்டுநர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுற்றுலா வேன் ஓட்டுநர்,
வீரவநல்லூர், திருநெல்வேலி மாவட்டம்